சொல்லின் அயலும் சொல்லுவோர் அயலும்

கொழும்பில் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் தமிழ் மாணவனுக்குக் 'காவி' என்னும் சொல் பருமனும் திசையும் கொண்ட ஒரு கணியத்தைக் குறிப்பது. அவனது குறிப்பேட்டில் அச்சொல்லின் அருகே விசை, வேகம், இடப்பெயர்ச்சி, ஆர்முடுகல் என்பன நிற்கும். சுகாதாரப் பாடநூலிலோ அதே சொல் நோயைச் சுமந்து செல்லும் உயிரியைக் குறிக்கும். அங்கு அதன் அருகில் நுளம்பும் டெங்கும் நிற்கும். காவுதல் என்பது சுமத்தல். இதற்கு மூலமான இலத்தீன் சொல்லின் பொருளும் சுமப்பது என்பதே. 1950களிலும் 1960களிலும் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்தில், யாழ்ப்பாணத்துக் குடியானவன் நாள்தோறும் வழங்கிய வினையொன்று கணிதத்துள் அமர்ந்த விதம் இத்தகையது. தமிழகத்து மாணவன் இதே கணியத்தைத் திசையன் என்பான். வெக்டர் என்றும் சொல்வான். அவனுக்குக் காவி துறவியின் உடை நிறம்; தேர்தற் காலத்தில் ஒரு கட்சியின் நிறம்.

சொற்களின் பொருளை அளந்து அறிவின் வரைபடம் வரையும் இன்றைய கணினி முறைகள், ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு காவியாகவே எழுதிவைக்கின்றன. அக்காவிகளின் கூட்டத்தில் 'காவி' என்னும் சொல் எங்கே நிற்கின்றது என வினவுவது வெறுஞ் சொல்விளையாட்டன்று. பல்லாயிரம் நூல்களையும் இணையப் பக்கங்களையும் வாசித்து, எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வருகின்றது என எண்ணி, தமிழின் அறிவுப்பரப்பு முழுவதையும் இயந்திரம் நடுநிலையோடு வரைந்து தந்துவிட்டது என்னும் கூற்று இன்று பொறியியலாளர் மத்தியிலும், அதனைவிட உற்சாகத்தோடு தமிழ் ஆர்வலர் மத்தியிலும் உலவி வருகின்றது. அக்கூற்று பிழையானது. அதனினும் கேடானது, அதனை மறுப்பதாக எண்ணிக்கொண்டு எண்ணிக்கையையே ஒதுக்கித்தள்ளும் மற்றொரு சாராரின் போக்கு. இவ்விரண்டையும் எதிர்த்தே இங்கு வாதிக்க வேண்டியுள்ளது.

முதலில் முறையினை உள்ளவாறு நோக்குதல் தகும். 1954 இல் அமெரிக்க மொழியியலாளர் செலிக் ஹாரிஸ், ஒத்த சூழல்களில் வரும் சொற்கள் ஒத்த பொருளுடையனவாகும் என்னும் கருத்தினை முன்வைத்தார். 1957 இல் இலண்டனைச் சேர்ந்த ஜே. ஆர். பேர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்னும் கருத்துப்பட எழுதினார். இக்கருத்து எண்வடிவம் பெறுவது எளிது. பெரியதொரு நூற்றொகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு நிரல் என அட்டவணை அமைத்தால், 'பாண்' என்னும் நிரையில் வெதுப்பகம், இறாத்தல், கோதுமை மா, விலை என்பவற்றின் கீழ்ப் பெரிய எண்கள் விழும். தற்செயலாகச் சேர்ந்து வரக்கூடிய அளவினும் எவ்வளவு கூடுதலாகச் சேர்ந்து வந்துள்ளன என்பதே கணக்கிடப்படும். 'ஒரு', 'என்று' போன்றவை எல்லாவற்றோடும் சேர்வனவாதலின் அவற்றின் பெறுமதி குறைந்துவிடும். இவ்வாறு பல்லாயிரம் நிரல்களைக் கொண்ட அட்டவணையைக் கணித வழியிற் சுருக்கி ஏறத்தாழ முந்நூறு பரிமாணங்களுக்குக் கொண்டுவந்தால், நேரடியாக ஒருபோதும் சேர்ந்து வராத இரு சொற்களும், பொதுவான அயலைக் கொண்டிருந்தால், அருகருகே வந்து நிற்கும். 1990 இல் டீர்வெஸ்டர் முதலியோர் வெளியிட்ட உள்ளுறை பொருள் ஆய்வு இவ்வகையினது. 2013 இல் கூகிள் நிறுவனத்தில் தோமஸ் மிக்கலோவ் குழுவினர் வெளியிட்ட முறை வேறொரு வாயிலால் வந்ததாயினும், அதுவும் உள்ளுக்குள் அதே அட்டவணையைச் சுருக்குவதே என லெவியும் கோல்ட்பேர்க்கும் 2014 இற் காட்டினர். பிரான்சில் மிஷேல் கலோன் முதலியோர் 1983 இல், ஆய்வுக் கட்டுரைகளிற் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு ஆய்வுத்துறைகளுக்கே வரைபடம் வரையும் முறையை அறிமுகஞ் செய்தனர். எந்தத் துறை வளர்கின்றது, எது தேய்கின்றது என்று இத்தகைய படங்களைக் கொண்டு பேசும் வழக்கம் அன்று தொடங்கிற்று.

இம்முறையின் ஆற்றலைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. 1997 இல் லன்டோயரும் டூமேயும் ஏறத்தாழ 46 இலட்சம் சொற்கள் கொண்ட அமெரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றினை மட்டும் வாசிக்கச் செய்து, அந்நிய மாணவருக்கான ஆங்கிலத் தேர்விலிருந்து எடுத்த 80 ஒருபொருட்சொல் வினாக்களைக் கேட்டபோது, இயந்திரம் 64 சதவீதத்துக்குச் சற்று மேலாகச் சரியாக விடையிறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்த அந்நிய மாணவரின் சராசரியும் ஏறத்தாழ அதுவே. இலக்கணமும் உலகறிவும் அற்ற ஓர் எண்ணும் பொறி இவ்வளவு தூரம் வந்தது வியப்புக்குரியதே. ஆனால் அந்த வியப்பிலேயே வினாவும் அடங்கியுள்ளது. அது வாசித்தது ஒரு கலைக்களஞ்சியம். அக்களஞ்சியத்துக்குத் தொகுப்பாளரும் பதிப்பகமும் ஆண்டும் உண்டு. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்ற தீர்மானமும் உண்டு. 1902 இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதானகோசம்' தொகுத்தார். அதன் தெரிவுகளோடு முரண்படுவோர் இன்றும் அவரது பெயரைச் சொல்லி முரண்படலாம். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளும் அவ்வாறே. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனத் தொகுதி வகுத்துச் சொற்களை அடுக்கிய அவையும் பொருள் வரைபடங்களே. மக்களினும் முன்னே தெய்வத்தை வைத்தவர் யார் என்பது தெரியும். எண்களால் ஆன வரைபடத்துக்கு மட்டும் ஆசிரியர் இல்லை எனப்படுகின்றது. ஆசிரியர் இன்மையை நடுநிலை எனப் பெயரிட்டு அழைப்பதிலேயே முதற் பிழை தொடங்குகின்றது.

இங்கு ஒரு பக்கக்குறிப்பு அவசியமாகின்றது. பேர்த் கூறியதைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என மார்தட்டும் வழக்கம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்குப் புதிதன்று. பலபொருள் ஒருசொல்லின் பொருள் எதனால் தெளியும் என்பதற்குச் சொல்லதிகாரம் வினை, இனம், சார்பு என மூன்றினைக் காட்டுவது உண்மை. உரையாசிரியர் 'மா' என்னும் சொல்லைக் கொண்டு அதனை விளக்குவர். காய்த்தது என்றால் மரம். பாய்ந்தது என்றால் விலங்கு. இதில் பெருமை கொள்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வினையும் இனமும் ஏட்டிலேயே சொல்லின் அருகில் நிற்பவை, பொறியால் எண்ணத்தக்கவை. சார்போ எப்பொழுதும் ஏட்டில் நிற்பதன்று. போர்க்களத்துக்குப் புறப்படும் ஒருவன் மா கொணர்க என்றால் அவன் கோலமே பொருளைத் தருகின்றது. பழந்தமிழ் இலக்கணம் மூன்றாவதாக வைத்ததை இயந்திரம் காணமாட்டாது என்பதே இங்கு பெறத்தக்க பயன். அதனை விட்டு, முன்னுரிமை கோரிச் சண்டையிடுவதால் எவருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

எந்த ஏடு, யாருடைய ஏடு என்பது அடுத்த வினா. 2018 இல் பேஸ்புக் நிறுவன ஆய்வாளர் 157 மொழிகளுக்குச் சொற்காவிகளை வெளியிட்டனர். தமிழ் அவற்றுள் ஒன்று. விக்கிப்பீடியாவும் இணையத்தைப் பொதுப்பட வாரியெடுத்த பெருந்தொகுதியும் அவற்றின் மூலங்கள். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்ததில் ஈழத்தவரின் பங்கு பெரிது என்பதை மறுத்தலாகாது. ஆயின் வாரியெடுக்கும் வலை எந்தக் கடலில் வீசப்படுகின்றதோ அந்தக் கடலின் மீனே கிடைக்கும். 2011 குடிசன மதிப்பீட்டின்படி தமிழகத்தின் சனத்தொகை 7 கோடியே 21 இலட்சம். 2012 இல் இலங்கையில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 22.7 இலட்சம், இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்ட மலையக மக்கள் ஏறத்தாழ 8.4 இலட்சம், சோனகர் ஏறத்தாழ 18.9 இலட்சம், அவருட் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். தமிழகச் செய்தித்தளங்களும் திரைப்படத் தளங்களும் சோதிடத் தளங்களும் நிரம்பிய அத்தொகுதியில், மேற்கூறிய அனைவரும் சேர்ந்து சிறுபான்மையே. எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட முறையில் சிறுபான்மை என்பது வெறும் அளவுக் குறைவன்று. அது பொருளின் இடமாற்றம்.

'உயர் நீதிமன்றம்' என்பதை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் அது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழேயுள்ளது மேல் நீதிமன்றம். தமிழகத்திலோ அதியுயர்ந்தது உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதற்குக் கீழ்ப்பட்டது. இரு நாட்டிலும் இச்சொல்லின் அயல் ஒன்றே: நீதியரசர், தீர்ப்பு, மனு, சட்டத்தரணி அல்லது வழக்கறிஞர். அயலைக் கொண்டு அளக்கும் பொறிக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். வழக்காளிக்கோ ஒன்றில் மேன்முறையீட்டுக்கு வழி உண்டு, மற்றையதில் இல்லை. 'உறுதி' என்பது காணியின் உரிமையை நிறுவும் ஆவணம். தமிழகப் பெருந்தொகுதியில் அது மனத்திண்மையோடும் வாக்குறுதியோடும் நிற்கும். 'பொலிஸ்' என்பதும் 'போலீஸ்' என்பதும் எழுத்தில் மட்டும் வேறுபட்ட ஒரே சொல். முன்னதைச் சூழ்ந்து மருதானையும் நுகேகொடையும், பின்னதைச் சூழ்ந்து கோயம்புத்தூரும் சேலமும் வருவதால், அவை இரண்டு வெவ்வேறு பொருள்களே என வரைபடம் கருதவும் இடமுண்டு. வட்டார வழக்கு பொருள் வேறுபாடாகவும், உண்மையான பொருள் வேறுபாடு ஒருமையாகவும் தோன்றும் விந்தை இது.

'தோட்டம்' இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணத்தில் அது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரும் சேர்ந்த செய்கை நிலம். மலையகத்தில் அது தேயிலையும் லயமும் கங்காணியும் துரையும் சேர்ந்த ஓர் உலகம்; ஒரு மக்கட் கூட்டத்தின் இரு நூற்றாண்டு வரலாறு. கொழும்பில், கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில், ஒரு பொதுக் குழாயையும் ஒடுங்கிய முடுக்கையும் பகிர்ந்து பல குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்பும் தோட்டமே. சிங்களத்தின் 'வத்த' இவ்வழக்கின் பின்னே நிற்கின்றது, வெள்ளவத்தை என்னும் பெயரிலும் அதே சொல்லே உறைகின்றது. தமிழகத்திலோ பூவும் புல்வெளியும் தென்னையும். 2013 இன் முறை போன்றவை ஒரு சொல்லுக்கு ஒரே காவியையே தருவன. நான்கு தோட்டங்களும் சராசரியாகி எந்தத் தோட்டமும் அல்லாத ஓரிடத்தில் நிற்கும்; நால்வருட் தொகையில் மிக்கவர் பக்கமாக அது சாயும். 2018 க்குப் பின் வந்த முறைகள் வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு காவி தருகின்றன என்று இதற்கு விடை கூறப்படுவதுண்டு. விடை சரியே. ஆயினும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்தைப் பற்றிய வாக்கியங்களே தொகுதியில் இல்லையெனின், புதிய முறை எந்த வாக்கியத்திலிருந்து அப்பொருளைக் கற்றுக்கொள்ளும்?

கொழும்பு ஒரே தமிழ் பேசும் நகரன்று என்பதையும் இவ்விடத்தில் நோக்க வேண்டும். வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வந்தோரின் 'கதைத்தல்' ஆட்சி செலுத்துகின்றது. கொட்டாஞ்சேனையில் மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்தோரும், தலைமுறைகளாகத் துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் நம்பி வாழ்வோரும், முஸ்லிம்களும், கொழும்புச் செட்டிகளும், சிங்கள அயலவரும் கலந்து வழங்கும் தமிழ் வேறு. புனித லூசியா பேராலயத்துக்கும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஒலிக்கும் அத்தமிழ் அச்சேறியது மிகக் குறைவு. அருகிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து நெடுங்காலமாக 'வீரகேசரி' வெளிவந்தது. 1930 இல் தொடங்கிய அப்பத்திரிகையும், 1932 இல் தொடங்கிய 'தினகரனும்', 1997 இல் தொடங்கிய 'தினக்குரலும்' கொழும்பிலேயே பிறந்தவை. ஆயின் கொட்டாஞ்சேனை என்னும் பெயர் செய்தியில் இடம்பெறும் தறுவாய்கள் எவை? திருவிழா, தீ விபத்து, கைது. வெள்ளவத்தை இடம்பெறுவது மணமண்டப விளம்பரத்திலும் தொடர்மாடி விற்பனையிலும் மணமகன் தேவை என்னும் பகுதியிலும். சேர்ந்து வருவதை எண்ணும் பொறி இப்பாகுபாட்டைப் பொருள் எனப் பதிந்துகொள்ளும். 2017 இல் 'சயன்ஸ்' இதழில் கலிஸ்கன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலச் சொற்காவிகள் பால், இனம் பற்றிய மனிதச் சாய்வுகளை அப்படியே ஏந்தி நிற்பதைக் காட்டிற்று. தமிழில் சாதியும் ஊரும் வர்க்கமும் அவ்வாறே ஏந்தப்படும். வறியவனின் தெருவுக்குக் குற்றத்தின் அயலை வழங்கியது பொறியன்று. பத்திரிகைப் பந்தியும், அதனை வாசித்துத் தலையசைத்த நடுத்தர வர்க்கமுமே. பொறி அதற்கு எண்ணின் அதிகாரத்தைக் கொடுக்கின்றது என்பதே ஆபத்து.

எண்ணும் முறைக்கு இயல்பாகவே அமைந்த மற்றொரு குறைபாடு, இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரையிற் கொடுமையானது. உடன்பாட்டையும் எதிர்மறையையும் அது நன்கு வேறுபடுத்தாது. உயர்வும் தாழ்வும் ஒரே சூழலில் வருவதால் அருகருகே நிற்கும். அதனைச் சிறு குறை என விட்டுவிடலாம். ஆயின் 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் இயற்றப்பட்ட நாள்முதல், தமிழர் பயங்கரவாதிகள் அல்லர் என எத்தனை ஆயிரம் முறை தமிழர் எழுதியிருப்பர்! அம்மறுப்பு ஒவ்வொன்றும் அவ்விரு சொற்களையும் இன்னும் சற்று நெருக்கமாகவே இழுக்கும். குற்றஞ்சாட்டியவனின் வாக்கியமும் மறுத்தவனின் வாக்கியமும் அட்டவணையில் ஒரே கட்டத்திலேயே கூட்டப்படுகின்றன. இதற்குப் பெயர் நடுநிலை எனில், நீதிமன்றில் குற்றப்பத்திரத்தையும் எதிர்வாதத்தையும் ஒரே கோப்பில் இட்டு, கோப்பின் கனத்தைக் கொண்டு தீர்ப்புரைப்பதும் நடுநிலையே.

'பதிவு' என்னும் சொல் வெள்ளவத்தையில் என்ன பொருள் கொண்டது? தமிழகத் தொகுதியில் அதன் அயல் ஒலிப்பதிவு, முன்பதிவு, பதிவுத் திருமணம், வலைப்பதிவு. போர்க்காலக் கொழும்பில் அதன் அயல் பொலிஸ் நிலையம், அடையாள அட்டை, விடுதி, வந்த காரணம், நள்ளிரவுக் கதவுத் தட்டல். 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், நகரில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இங்கு உயர் நீதிமன்றம் என்பது இலங்கைப் பொருளிலேயே கொள்ளப்பட வேண்டும். அந்நாட்களில் வாழ்ந்தோரின் கடிதங்களும் முறைப்பாடுகளும் தொகுதியில் இல்லாதவரை, 'பதிவு செய்தீர்களா' என்னும் வினாவின் நடுக்கத்தை எந்த வரைபடமும் காட்டாது. 'தரப்படுத்தல்' அத்தகைய மற்றொன்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் அது புகுந்தபின், ஒரு தலைமுறைக்கே அச்சொல் புள்ளியையும் இழந்த இடத்தையும் குறித்து நின்றது. பிற தேயத் தமிழில் அது பண்டங்களின் தரத்தையோ எழுத்துக் குறியீட்டையோ பற்றிய சாதுவான சொல்.

இல்லாத ஏடு எதனோடும் சேர்ந்து வருவதில்லை. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் எரிந்தன. அவற்றிலிருந்த குறிப்பேடுகளுக்குப் பட்டியல் இல்லை. எரியாது எஞ்சியவற்றுள்ளும் பெரும்பகுதி பொறிக்கு எட்டாதது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாக மின்வடிவாக்கியது. அது ஒரு சமூகத்தின் அரிய பணி. ஆயின் பக்கத்தின் படம் வேறு, எண்ணத்தக்க எழுத்து வேறு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் மங்கிய ஈய எழுத்தச்சின் முன் தடுமாறுகின்றன. கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட பிற்கால இதழ்களின் நிலையும் அதுவே. யூனிகோட் பரவுமுன் இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள், மாற்றி எழுதப்படாவிடின், பொறியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலே. தமிழ்ச் சொல்லின் இயல்பும் எண்ணலுக்கு எளிதாக வளைந்து கொடுப்பதன்று. ஒரே வினையடி காலம், இடம், பால், எச்சம் என நூற்றுக்கணக்கான வடிவங்களாய்ச் சிதறும்போது, சிறிய தொகுதியில் ஒவ்வொரு வடிவமும் ஓரிரு தடவையே தலைகாட்டும். அதனை ஈடுசெய்யச் சொல்லை எழுத்துக் கூறுகளாக வெட்டும் முறைகளோ, உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளாது, குறியீட்டு எண்ணின்படி மெய்யையும் உயிர்க்குறியையும் வெவ்வேறாக எண்ணுவன.

இவ்வளவும் கேட்டபின், எனவே எண்ணிக்கை வேண்டா, இலக்கியம் உள்ளத்தாற் சுவைக்கப்படுவது எனக் கூற ஒரு சாரார் எழுவர். அவர்களுக்கு விடை வெளியில் தேட வேண்டியதில்லை. 'தினகரன்' பத்திரிகையின் ஆசிரியராகவும் பின்னர்ப் பேராசிரியராகவும் விளங்கிய க. கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், சான்றோர் செய்யுள்களில் மீண்டும் மீண்டும் சேர்ந்து வரும் தொடர்களைக் கண்டெடுத்து, மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்டும் ஹோமரிலும் யூகோசிலாவியப் பாடகரிடத்தும் கண்ட வாய்மொழி வாய்பாடுகளோடு ஒப்பிட்டது. சேர்ந்து வருதலே அங்கும் சான்று. பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் அவ்வாய்வு நிகழ்ந்தது. சொல்லடைவுகளும் கையும் கண்ணுமே கருவி. அவரது முடிவுகளைப் பின்வந்தோர் பலர் கடுமையாக மறுத்தனர். மறுக்க முடிந்தமைக்குக் காரணம், எந்த நூல்களை எடுத்தார், எத்தொடரை வாய்பாடு எனக் கொண்டார், பாணனின் சமூக நிலையோடு அதனை எவ்வாறு தொடுத்தார் என்பதெல்லாம் வெளிப்படையாயிருந்தமையே. எண்ணியபின் அவர் ஏன் எனக் கேட்டார். இன்றைய வரைபடக்காரர் எண்ணியபின் படம் வரைகின்றனர். வண்ணப் புள்ளிகளின் கொத்துகளைத் திரையிற் காட்டி, இதோ அறிவு என்கின்றனர்.

பழி முழுவதையும் பொறியியலாளர் மேற் சுமத்துதலும் நீதியாகாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் மொழித் தொழினுட்ப ஆய்வுகள் ஆண்டாண்டாக நடைபெறுகின்றன. தமிழ்ச் சொல்லைப் பகுதி விகுதியாகப் பகுக்கும் 'தமிழிமோர்ப்' என்னும் பொறியைச் சர்வேஸ்வரன் முதலியோர் 2021 இல் விரிவாக வெளியிட்டனர். அதன் பின்னணியில் இலங்கை ஆய்வாளரின் உழைப்பு உண்டு. தமிழ்த்துறைகள் அந்த மேசையில் அமர்ந்தது அரிது. பாடபேதம் பார்ப்பதிலும் வட்டார வழக்கைப் பகுப்பதிலும் பயின்றவர்கள், தொகுதியமைப்பு என்றவுடன் அது கணினிக்காரர் வேலை எனக் கைகழுவினர். விளைவாக, கதை என்பது பேச்சா புனைவா, தோட்டம் எது, உறுதி எது எனத் தீர்மானிக்கும் பணி, அவ்வேறுபாடு இருப்பதையே அறியாத வெளிநாட்டு நிறுவனமொன்றின் வாரியெடுக்கும் வலைக்கு விடப்பட்டது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. பிரதேச செயலகத்தின் சுற்றறிக்கையும் காணி அறிவித்தலும் இத்தகைய காவிகளின் மேற் கட்டப்பட்ட மொழிபெயர்ப்புப் பொறியால் தமிழாக்கப்படும் நாளில், கொட்டாஞ்சேனை முதியவள் கையிற் பெறுவது எந்த ஊர்த் தமிழ் என்பது இலக்கிய இரசனை பற்றிய வினாவன்று.

வேண்டுவது மற்றொரு பெருவலையன்று. பெயரும் ஆண்டும் ஊரும் இட்ட சிறு தொகுதி. ஒவ்வொரு பத்திக்கும் எழுதியவர் வடக்கா, கிழக்கா, மலையகமா, கொழும்பா, செய்தியா, கடிதமா, பாடநூலா என்னும் குறிப்பு வேண்டும். அவ்வாறாயின் ஒரே சொல்லுக்கு வடக்கின் படத்தையும் மலையகத்தின் படத்தையும் தனித்தனி வரைந்து, அவை எங்கே பிரிகின்றன எனப் பார்க்கலாம். பிரியும் அவ்விடங்களே ஆய்வுக்குரியவை. 46 இலட்சம் சொற்களைக் கொண்டு ஒரு தேர்வு எழுதப்பட்டது என்பதை நினைத்தால், இது கைக்கெட்டாத அளவன்று. 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை நூலகமும், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களும் தொடங்குவதற்குப் போதும். மலர்களில் எழுதியவர் பெயரும் பீடமும் ஆண்டும் ஏற்கெனவே அச்சிடப்பட்டுள்ளன. தட்டெழுத மாணவர் உள்ளனர். பிழைதிருத்தத் தமிழ்த்துறை உள்ளது. பழைய மலர்களில் விஞ்ஞான பீட மாணவர் எழுதிய கட்டுரைகளும் உண்டு. அவற்றுள் எதிலாவது காவி, விசைக்கும் வேகத்துக்கும் அருகில் அச்சாகியிருக்கும்.